படுவான்கரைப் பாட்டும் கூத்தும்

மட்டக்களப்பு வாவியை எல்லையாக வைத்து நிலத்தை இரண்டாகப் பகுத்து வழங்குவது அந்நாட்டு மக்களின் நெடுநாள் வழக்கம். ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் தென்னந்தோப்பும் மீன்பிடியும் நெடுஞ்சாலையும் உண்டு. படுவான்கரையின் செல்வம் வயலும் மாடும். களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் தோணியேறி மண்டூரில் இறங்கியோ மேற்கே சென்றால் போரதீவுப்பற்று விரிகின்றது. அதன் நிருவாகத் தலைமையிடம் வெல்லாவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், இடையிடையே குளம், குளக்கரையிலே கோயில். இந்நிலத்தில் பிறந்த பாட்டுக்கும் கூத்துக்கும் கடந்த நூற்றாண்டில் நேர்ந்த ஏற்றமும் இறக்கமும் ஈழத்துத் தமிழர் கலை வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கவை.

படுவான்கரையில் வயற்பரப்பை வட்டை என்பர். நெற்பயிரையே வேளாண்மை என்பர். நிலவுடையவர் போடியார், அவருக்காக வயலில் தங்கிப் பயிரைப் பார்ப்பவர் முல்லைக்காரர். விதைப்பு முதல் சூடடிப்பு வரை வாடியே அவருக்கு வீடு. தனிமையும் இரவுக் காவலும் நிறைந்த இவ்வாழ்வில் பாட்டு என்பது பொழுதுபோக்கு அன்று. அது தொழிற்கருவிகளுள் ஒன்று. சூட்டுக் களத்தை அங்கே களவெட்டி என்பர். அக்களத்தில் எருமைகளை வளைத்து இரவு முழுவதும் சூடு மிதிக்கும்போது பாடப்பட்டது பொலிப்பாட்டு. களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லுதல் ஆகாது. பொலி என்றே சொல்லவேண்டும். அன்றாடச் சொற்கள் பலவற்றுக்கு அங்கே வேறு சொற்கள் உண்டு. தெய்வத்தை அழைத்து, பொலி பெருக வேண்டி, முன்செல்லும் மாட்டை விளித்துப் பாடும் அப்பாட்டின் நடை மாட்டின் நடையோடு ஒத்துச் செல்லும். பாடுவோன் உறங்காமல் இருக்கவும், மாடு நில்லாமல் நடக்கவும் அது பயன்பட்டது. தாளம் எங்கே பிறந்தது என்று வினவும் இசையாசிரியர்கள் ஒருமுறை களவெட்டிக்குச் சென்றிருந்தால் விடையை எளிதிற் கண்டிருப்பார்கள்.

அறுவடை முடிந்து வெயில் ஏறும் காலத்தில் பாட்டு வயலிலிருந்து கோயிலுக்கு இடம்பெயரும். மட்டக்களப்பில் கண்ணகியம்மன் வழிபாடு ஊர்தோறும் வேரூன்றியது. வைகாசித் திங்களில் நிகழும் சடங்கின் முடிவில் குளிர்த்திப் பாடல் பாடி அம்மனின் சினத்தை ஆற்றுவர். கண்ணகி வழக்குரை காவியத்தைப் பல நாள் இராகத்தோடு படிப்பர். மழை பொய்த்தாலும் நோய் பரந்தாலும் கொம்புமுறி விளையாட்டு நடத்துவதுண்டு. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இருபாலாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. இரு வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்பர். முறிந்தவுடன் வென்ற கட்சி வசைபாடும். தோற்ற கட்சி கேட்டுக்கொண்டிருக்கும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கு எடுக்கும் அங்கெளிய என்னும் விளையாட்டும் இதனோடு உடன்பிறந்ததே. கோலடித்து ஆடும் வசந்தன் கூத்து, மகிடிக் கூத்து, பறைமேளக் கூத்து, முஸ்லிம் ஊர்களில் ஆணும் பெண்ணும் மாறிமாறிச் சொல்லும் கவி என, வாவிக்கரை இசையின் கிளைகள் இன்னும் பல.

இவையெல்லாவற்றுக்கும் முடியாக விளங்குவது வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்து. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைக் கொண்டது. போரும் வீரமும் அதன் உயிர். கரப்புடுப்பும் பெருங்கிரீடமும் அணிந்த அரசர்கள் களரி அதிர ஆடுவர். தென்மோடியில் காதற்கதைகளும் பிறவும் இடம்பெறும், உடை இலேசானது, ஆட்டத்தில் நுணுக்கமும் பாட்டில் இழுப்பும் மிகுதி. இரண்டுக்கும் இசைக்கருவி மத்தளமும் சல்லரியுமே. சுருதிப் பெட்டி இல்லை, வயலின் இல்லை. தொண்டையின் வலிமையும் பின்னின்று பாடும் பிற்பாட்டுக்காரரின் துணையுமே இசையைத் தாங்கின.

கூத்து ஓரிரவில் ஆடப்படினும் பல மாதங்களில் உருவாகும். ஊர்ப் பெரியோர் கூடி அண்ணாவியாரை அழைத்து வெற்றிலை வைப்பர். யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்துப் பாட்டைப் பிரித்துக் கொடுப்பது ‘சட்டம் கொடுத்தல்’ எனப்படும். ஆட்டம் கால்களிற் படிந்தபின் சதங்கை அணி விழா, முழுக் கூத்தையும் ஆடிச் சரிபார்ப்பது அடுக்குப் பார்த்தல், அதன்பின்னரே அரங்கேற்றம். வெளியிலே வட்டக்களரி அமைத்து, சூழ மக்கள் அமர, நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். இருள் கவிந்தபின் தொடங்கும் ஆட்டம் கிழக்கு வெளுக்கும்போது முடியும். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். குழந்தைகள் உறங்கி எழுவர். கிழவர்கள் தாம் இளமையில் ஆடிய பாத்திரத்தை இன்று ஆடுவோன் எங்கே பிழைவிடுகின்றான் என்று பார்த்திருப்பர். இவ்வளவு கண்டிப்பான விமரிசகர்கள் எந்தப் பட்டணத்து அரங்குக்கும் வாய்த்ததில்லை.

அண்ணாவியார் கூத்தை எழுதுவார், பழக்குவார், மத்தளம் அடிப்பார், பாடுவார். சினங்கொண்டால் அடிக்கவும் செய்வார். பகலில் அவர் கமக்காரர். கூத்தின் பாட்டு ஏட்டிலும், பின்னர்க் கொப்பியிலும் எழுதி வைக்கப்பட்டது. ஆட்டமும் மெட்டும் எழுதப்படவில்லை. அவை அவர் உடம்பிலேயே இருந்தன. அவர் மறையும்போது, பயின்ற மாணாக்கர் இல்லையெனில், அவையும் மறையும்.

இதே காலத்தில் வேறொரு தேசத்துக் குடியானவர் பாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் உண்டு. மீன்பிடியும் மரம் வெட்டுதலும் அங்குள்ள ஏழை மக்களின் தொழில். 1904-இல் அம்மாகாணத்திற் பிறந்த வில்ப் கார்ட்டர் மேற்கே சென்று மாட்டுப் பண்ணைகளில் உழைத்து, கித்தார் ஏந்திப் பாடலானார். 1930-இல் கல்கரி நகர வானொலி அவர் குரலை ஒலிபரப்பியது. 1933-இல் மொன்றியலில் இசைத்தட்டு பதிவாயிற்று. அதே மாகாணத்தில் 1914-இல் பிறந்த ஹாங்க் ஸ்நோ சிறுவயதில் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். 1950-இல் வெளிவந்த அவரது ‘ஐம் மூவிங் ஆன்’ என்னும் பாட்டு அமெரிக்க நாட்டுப்புற இசைப் பட்டியலில் 21 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பின்வந்த ஸ்டாம்பின் டாம் கானர்ஸ் கால் தரையில் ஓங்கி மிதித்துத் தாளம் காட்டியே அப்பெயரைப் பெற்றார். அந்தக் காலடி படுவான்கரைக்கு அந்நியமானதன்று. அங்கே வானொலியும் இசைத்தட்டும் பாட்டை மட்டுமன்றிப் பாடியவன் பெயரையும் ஊர்தோறும் கொண்டுசென்றன. பாட்டு வாணிபமாயிற்று, எனினும் பாடகன் பெயரற்றவன் ஆகவில்லை.

இலங்கையிலும் வானொலி பிந்தி வரவில்லை. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16-இல் தொடங்கிற்று. ஆயினும் நெடுங்காலம் தமிழிசை என்றால் கருநாடக இசை, பின்னர்த் திரையிசை. நாட்டார் பாட்டு படியாதவர் பாட்டு என்றே கருதப்பட்டது. வாவிக்கரையிற் பிறந்த பேரறிஞர் சுவாமி விபுலாநந்தர்கூட 1947-இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழர் இசையின் கணக்கைத் தேடிச் சிலப்பதிகாரத்துக்கே சென்றார். அவர் பிறந்த காரைதீவிலேயே கண்ணகி கோயிலும் அதன் பாட்டும் உயிரோடிருந்தன. யாழ் நூலின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. அக்காலக் கல்வியாளரின் பார்வை எத்திசை நோக்கி நின்றது என்பதை இது காட்டுகின்றது.

மாற்றம் 1956-இல் நிகழ்ந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவ்வாண்டு நவம்பர் 3-இல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமங்களின் நாடகம என்னும் கூத்தை அடியொற்றியது அது. அந்நாடகமவோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. கடன் கொடுத்தவர் வீட்டில் கூத்து மங்கிக் கிடக்க, கடன் வாங்கியவர் அதைக்கொண்டு தேசிய நாடகம் படைத்தது தமிழறிஞரை விழிக்கச் செய்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களை நாடினார். 1960-இல் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள் நூலுருப் பெற்றன. 1962-இல் அலங்காரரூபன் என்னும் தென்மோடிக் கூத்து அச்சேறிற்று. 1964-இல் வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது. ஏட்டில் உறங்கியவை எழுத்தில் எழுந்தன.

ஆட்டத்தை எழுத்தில் வைக்க முடியாது என்பதை வித்தியானந்தன் நன்கு அறிந்திருந்தார். ஆதலால் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்குப் பழக்குவித்தார். 1962-இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், 1968-இல் வாலிவதை என அவை மேடை கண்டன. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. அவரே பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து பெருநூல் எழுதினார். கமக்காரர் ஒருவர் முன்னே பட்டதாரி மாணவர் கைகட்டி நின்று ஆட்டம் பயின்ற காட்சியே அக்காலத்துக்கு ஒரு புரட்சி எனலாம்.

இம்முயற்சிக்கு ஒரு விலையும் இருந்தது. விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிற்று. நான்கு புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டுமே பார்க்கும் படச்சட்ட மேடையாயிற்று. களரி நடுவே நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். வானொலியிலோ ஆட்டமே இல்லை. சதங்கை ஒலியும் மத்தளமும் பாட்டும் குறித்த நிமிடத்துக்குள் அடங்கவேண்டியவை ஆயின. அறிஞர் தேர்ந்தெடுத்து உயர்த்தியதும் பெரும்பாலும் வடமோடியையே. பறைமேளக் கூத்தை ஆடியவர்களின் கலை சாதித் தாழ்வின் காரணமாக அவ்வெளிச்சத்துக்கு வெளியே நெடுங்காலம் நின்றது. மூன்றாவது கண் என்னும் உள்ளூர் அறிவுத் திறன் குழுவினரும், அதில் முன்னின்ற சி. ஜெயசங்கரும், கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செல்லாமல், ஊரிலேயே ஊராரோடு இருந்து மீளுருவாக்கவேண்டும் என்று பிற்காலத்தில் வாதிட்டுச் செயற்பட்டனர். மட்டக்களப்புச் சீலாமுனையில் அதனை ஆடியும் காட்டினர். இரு வழிகளும் தேவையானவையே. முதல் வழி இல்லாதிருந்தால் கூத்து கலை என்ற மதிப்பைப் பெற்றிராது. இரண்டாவது வழி இல்லையெனில் மதிப்பு மட்டும் எஞ்சும், கூத்து எஞ்சாது.

அறிஞர் வாதம் இவ்வாறிருக்க, களவெட்டியில் வேறொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. எருமைகளின் இடத்தை உழவு இயந்திரம் பற்றியது. பின்னர் அறுத்துச் சூடடித்து நெல்லை மூட்டையாக்கும் பெரும் இயந்திரம் வந்தது. பல இரவுகளின் வேலை சில மணி நேரத்தில் முடிகின்றது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. முல்லைக்காரரின் முதுகுக்கு இது நன்மையே. பொலிப்பாட்டு மட்டும் முதியோர் நினைவில் ஒதுங்கிற்று.

அதன்பின் போர் வந்தது. கூத்து இரவுக்கு உரிய கலை. இரவில் வெளியே செல்ல அஞ்சிய ஆண்டுகளில் அது எங்ஙனம் தழைக்கும்? 1990-இலும் 2007-இலும் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வெல்லாவெளிப் பகுதி மக்களும் வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினர். வீடு விட்டு ஓடுவோர் எடுத்துச் செல்லும் பொருள்களுள் கூத்துக் கொப்பி முதலிடம் பெறுவதில்லை. மத்தளமோ சுமப்பதற்கு இலேசானதும் அன்று.

எனினும் 2009-இல் போர் ஓய்ந்தபின் களரிகள் மீண்டும் எழுந்தன. கன்னன்குடா, முனைக்காடு முதலிய படுவான்கரை ஊர்கள் கூத்துக்குப் பெயர்பெற்றவை. செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதன் அங்கமாகிய, கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்துப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அன்று பேராதனைக்கு அழைக்கப்பட்ட கலையைக் கற்பதற்குப் பல்கலைக்கழகமே அக்கலையின் ஊருக்கு வந்துவிட்டது போலும். மௌனகுருவும் இராவணேசனைப் புதிய தலைமுறையினரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். முன்னாளில் பெண்கள் ஏறாத கூத்தில் இன்று பெண்களும் ஆடுகின்றனர்.

அரங்கேற்றத்தோடு கூத்து முடிவதில்லை என்பது பழைய முறை. அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடுதல் என்றொரு கட்டம் உண்டு. அரசர்களும் மந்திரிகளும் அரசியரும் வேடத்தோடு ஊரின் முற்றங்களுக்குச் சென்று சிறிது ஆடிப் பாடுவர். நோயால் களரிக்கு வரமுடியாத முதியவளும், பிள்ளை பெற்ற தாயும் தம் வாசலிலேயே கூத்தைக் காண்பர். வீட்டார் நெல்லோ பணமோ கொடுப்பர். அண்ணாவியாரின் மத்தளம் அடுத்த முற்றத்தை நோக்கிச் செல்லும்.