மேட்டுக்காடும் சர்வே எண்ணும்

சேலத்திலிருந்து தெற்கே இராசிபுரம், நாமக்கல், பரமத்தி என்று காவிரிக்கரை வரை இறங்கிச் செல்லும் சமவெளியில் மானாவாரிப் புன்செய்யைக் காடு என்றே ஜனங்கள் சொல்லுவார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் மேட்டுக்காடு, பள்ளக்காடு, கிணற்றுக்காடு, கோயில்காடு என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித்தான் தகப்பன் மக்களுக்குப் பாகம் பிரித்தான், பங்காளியோடு வரப்புத் தகராறு செய்தான், பஞ்ச காலத்தில் கடன் வாங்கினான். சர்க்கார் புஸ்தகத்திலோ அந்தக் காட்டுக்கு உள்ளது ஓர் எண்ணும் அதன் கீழ் ஓர் உட்பிரிவுமே.

செய்திகளைத் திரட்டி, வகைப்படுத்தி வைத்து, வேண்டும்போது வேண்டியதை மாத்திரம் எடுத்துக் கொடுப்பது இன்று ஒரு தனிச் சாஸ்திரமாகப் பல்கலைக்கழகங்களில் போதிக்கப்படுகிறது. அதன் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் நூல்நிலையத்தில் தொடங்கிக் கம்ப்யூட்டரில் முடிப்பார்கள். இந்தச் சமவெளியைப் பொறுத்தவரை அதன் பூர்வ கதையைத் தாலுகாக் கச்சேரியிலும் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணிலுமே தேடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நாமக்கல் மலையைக் குடைந்து அமைத்த கோயில்களில் கல்வெட்டுகள் உள்ளன. கல்லில் வெட்டிய சாசனம் எளிதில் அழியாதென்றாலும், அதைப் படிக்க விரும்புகிறவன் அந்தக் கல் நிற்கும் ஸ்தலத்துக்கே நடக்கவேண்டும். ஓலைக்கு அந்தக் குறை இல்லை. வேறொரு குறை இருந்தது. கணக்குப்பிள்ளையின் சுருணைகளில் மாவும் காணியும் முந்திரியும் தத்தம் குறியீடுகளில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. ஒரு மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்பதைத் திண்ணைப் பள்ளியில் படித்தவர் அனைவரும் அறிவர். ஆனால் எந்தச் சுருணையில் எந்த ஓலை என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. வரிசை முழுவதும் அவருடைய ஞாபகத்தில் இருந்தது. கிராமத்தில் அவருக்கிருந்த மரியாதையில் பாதியும், அவர்மேல் இருந்த பயத்தில் முக்காலும் அந்த ஞாபகத்தினால் விளைந்தவை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தபோது, நாடு கைக்கு வந்ததே தவிர நாட்டைப் பற்றிய ஞானம் கூடவே வரவில்லை. சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்குத் தேச பாஷைகள் தெரியாதென்பதைக் கண்ட காரன்வாலிஸ் பிரபு, ராணுவத்தைச் சேர்ந்த காப்டன் அலெக்ஸாண்டர் ரீடை இந்தப் பிரதேசத்துக்கு நியமித்தார். துணையாக வந்த மன்றோ, மக்ளியோட், கிரஹாம் ஆகியோரும் போர்வீரர்களே. பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னராகப் பெயர்பெற்ற மன்றோ அப்போது தர்மபுரிப் பக்கத்தில் குடியானவர்களோடு தீர்வை பேசிக்கொண்டிருந்த ஓர் இளம் உதவியாளர்.

1799 வரை ரீட் செய்த வேலையை வரலாற்று நூல்கள் வரிவிதிப்பு என்ற தலைப்பில் வைக்கின்றன. எனக்கு அது தேடுதலின் சரித்திரமாகவும் தோன்றுகிறது. ஜமீன்தாரோடு பேசினால் ஜமீனுக்கு ஒரு தொகை, ஊரோடு பேசினால் ஊருக்கு ஒரு தொகை என்று எழுதிவைத்தால் போதும். ஆனால், ஒவ்வொரு குடியானவனும் வருஷந்தோறும் தனக்கு வேண்டிய நிலத்தை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடலாம் என்று 1796-இல் ரீட் விளம்பரம் செய்த பிறகு, ஒவ்வொரு காட்டையும் தனித்தனியே அளந்தறிந்திருக்கவேண்டும், அதைவிட முக்கியமாக, மறுவருஷம் அதே காட்டைப் புஸ்தகத்தில் பிழையில்லாமல் திரும்பக் கண்டெடுக்கவும் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏற்பட்டது. ஒரே ஊரில் இரண்டு மேட்டுக்காடுகள் இருக்கலாம். ஓர் எண் இரண்டு காடுகளுக்கு இருக்கலாகாது. காட்டுப் பெயர் பின்னுக்குப் போய் எண் முன்னுக்கு வந்தது இப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாகத் துண்டுபோட்டு விற்று, அந்த ஏற்பாடு பல இடங்களில் நொடித்துப்போய், குடியானவனோடு நேரே தீர்வை பேசும் பழைய ரயத்துவாரிக்கே சர்க்கார் திரும்பிய கதை வேறு; அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ரீட் காலத்துக் காகிதங்கள் பாராமகால் ரிகார்டுகள் என்ற பெயரில் 1907 முதல் சென்னையில் பகுதி பகுதியாக அச்சாயின. அவற்றின் வரிசையே ஒரு பாடம். முதலில் நிர்வாகம், பிறகு பூகோளம், மூன்றாவதாக ஜனங்கள், அதற்கப்புறம் விளைபொருள், உடைமை, நிலத் தீர்வை, மற்ற வரிகள் என்று அது செல்கிறது. உலகத்தை இத்தனை தலைப்புகளாகப் பிரிக்கலாம் என்று முடிவு செய்கிறவன் யார், எங்கிருந்து பார்க்கிறான் என்பதை எந்த அட்டவணையும் மறைத்துக்கொள்ள முடியாது. ஆளுகிறவன் எழுதிய அட்டவணையில் ஆளுகை முதலிடமும் ஆளப்படுவோர் மூன்றாமிடமும் பெற்றதில் வியப்பில்லை. ஆயினும், பொருள்வாரியாகப் பிரித்துவைத்த ஒரே காரணத்தினால், இந்நாட்டு நெசவையோ சாதி வழக்கங்களையோ ஆராய்கிறவன், தேதிவாரியாக அடுக்கிய கடிதக் கட்டுகளில் மூழ்கித் தவிக்காமல் நேரே உரிய பகுதிக்குப் போக முடிகிறது.

கிராமக் கணக்குகளின் அமைப்பை நிதானமாகக் கவனித்தவர்கள் அதிலுள்ள நுட்பத்தையும் ஒப்புக்கொள்ளுவார்கள். ‘அ’ பதிவேடு எண் வரிசையில் செல்லுவது. இந்த எண்ணில் விஸ்தீரணம் எவ்வளவு, நன்செய்யா புன்செய்யா, தீர்வை என்ன என்ற கேள்விக்கு அது விடை சொல்லும். சிட்டா ஆள்வாரியானது, இன்னாருக்கு ஊரில் எங்கெங்கே நிலம் என்பதைச் சொல்லும். அடங்கல் பசலிக்கு ஒன்று; இந்தக் காட்டில் இந்த வருஷம் சோளமா, நிலக்கடலையா, தரிசா என்பதைச் சொல்லும். புலப்படம் வடிவத்தையும் அளவுகளையும் காட்டும். ஜூலை முதல் தேதி பிறக்கும் பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும் என்ற கணக்கு மாத்திரம் தெரிந்துவிட்டால், எந்தக் கேள்விக்கு எந்தப் புஸ்தகம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒரே விஷயத்தைக் கேள்விக்குத் தக்கபடி வெவ்வேறு வரிசையில் எழுதிவைப்பது என்னும் இந்த உபாயத்தை, நூலகச் சாஸ்திரம் என்ற பெயரே தெரியாத குமாஸ்தாக்கள் ஜமாபந்திக்கு ஜமாபந்தி அப்பியாசம் செய்துவந்தார்கள்.

பத்திரப் பதிவுக் கச்சேரியிலும் இதே கதைதான். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 4 அட்டவணைகளை வைக்கச் சொல்கிறது. அவற்றில் முதலாவது எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களைக் கொண்டது, இரண்டாவது சொத்தைக் கொண்டது. வில்லங்கம் பார்ப்பதென்பது இந்தச் சொத்து அட்டவணையின் வழியே பின்னோக்கி நடப்பதே. சர்வே எண் பழக்கத்துக்கு வந்த பின்னும் கிரயப் பத்திரம் எழுதுகிறவர்கள் செக்குபந்தியை விடவில்லை: வண்டித்தடத்துக்கு வடக்கு, இன்னார் காட்டுக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு என்று இந்த விதமாக நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்தால்தான் வாங்குகிறவனுக்கு மனம் சமாதானப்படும்.

எல்லை நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாமக்கல்லே திருஷ்டாந்தம். சேலம் ஜில்லாவிலிருந்த அந்தத் தாலுகா 1910-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டு, 1929-இல் சேலத்துக்கே திரும்பியது. 1997 ஜனவரி முதல் தேதி தனி மாவட்டத்துக்குத் தலைநகராயிற்று. ஆகவே 1911, 1921 ஜனத்தொகைக் கணக்குகளில் நாமக்கல்லைத் தேடுகிறவன் சேலத்துப் பக்கங்களைப் புரட்டுவது வீண். ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெஸட்டியர் 1918-இல் வெளிவந்தபோதும் நாமக்கல் சேலத்தில் இல்லை. இடமும் காலமும் சேர்ந்தே ஒரு செய்தியின் இருப்பிடத்தை நிர்ணயிக்கின்றன.

இடத்தையும் காலத்தையும் வகைப்பாட்டின் நிரந்தரக் கூறுகளாகவே அமைத்தவர் நம் நாட்டவர். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமனம் பெற்ற எஸ். ஆர். ரங்கநாதன், பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்த சமயத்தில், அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில பட்டைகளையும் ஆணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி, எண்ணற்ற உருவங்கள் செய்யக் கூடுமானால், அறிவின் விஷயங்களையும் ஏன் அவ்விதமே கூட்டி அமைக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1876-இல் அமெரிக்கரான மெல்வில் டூயி வகுத்த தசாம்ச முறை, ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டி வைத்தது. புதிய விஷயம் பிறந்தால் அறை தேடித் திண்டாட வேண்டியதுதான். 1933-இல் வெளிவந்த ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை, விஷயத்தை அதன் கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளி முதலிய குறிகளால் கோத்துவிடும். சேலம் ஜில்லாவில் மரவள்ளிப் பயிருக்கு வரும் நோயை ஒரு குறிப்பிட்ட பத்தாண்டில் தடுத்த விதம் பற்றி ஒரு நூல் வருமானால், வேளாண்மை என்ற துறையின் கீழ் மரவள்ளி ஒரு கூறு, நோய் ஒரு கூறு, தடுக்கும் செயல் ஒரு கூறு, சேலம் இடக்கூறு, பத்தாண்டு காலக்கூறு. இவற்றைச் சேர்த்து எழுதும் எண்ணே அந்த நூலுக்கு அலமாரியில் இடம் காட்டும், அண்டையில் உறவுள்ள நூல்களையும் கொண்டுவந்து நிறுத்தும். செக்குபந்தி எழுதிப் பழகிய நம் பத்திர எழுத்தர்கள் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

அவருடைய உண்மையான புரட்சி எண்களில் இல்லை என்பேன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகனுடைய காலத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பதும் ஒன்று. ரீடின் புஸ்தகங்களும் பதிவுக் கச்சேரி அட்டவணைகளும் வைத்திருப்பவனின் சௌகரியத்தை உத்தேசித்தவை. தேடி வருகிறவனுடைய காலத்துக்கும் ஒரு விலை உண்டென்று அடுக்குமுறையின் தலையிலேயே எழுதிவைத்தவர் இவர். 1928-இல் அவர் முயற்சியால் சென்னை நூலகச் சங்கம் தோன்றிய வேளையில், ராஜதானியின் முதல் மந்திரியாயிருந்தவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் என்பதை இவ்வூர்க்காரர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கலாம். பொது நூலகச் சட்டம் வர மேலும் இருபது வருஷமாயிற்று. இந்தியாவிலேயே மாகாணங்களில் முதன்முதலாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த 1948-இல் அது நிறைவேறியது. ஜில்லாவுக்கொரு நூலக ஆணைக்குழு, சொத்துவரியோடு வசூலிக்கும் நூலக வரி, கிராமத்துக் கிளை நூலகம் எல்லாம் அந்தச் சட்டத்தின் வழிவந்தவை.

இனி, நுணுக்கமாக அடுக்கினால்தான் எளிதாகக் கிடைக்குமா என்பதை முதன்முதலில் பெரிய அளவில் பரீக்ஷித்தவர்கள் ஆங்கிலேயர்கள். கிரான்ஃபீல்டு விமானக் கல்லூரியில் சிரில் கிளெவர்டன் என்பவர் விமான சாஸ்திரக் கட்டுரைகள் 18,000-ஐ எடுத்துக்கொண்டு, நான்கு வெவ்வேறு முறைகளில் அட்டவணை செய்து, 1,200 கேள்விகளை அவற்றின்மேல் ஏவி, 1962-இல் முடிவை வெளியிட்டார். ரங்கநாதன் வழியில் கூறுகளாகப் பகுத்த முறை, உரிய கட்டுரையைக் கண்டெடுப்பதில் நூற்றுக்கு 74 அளவில் பின்தங்கியது; கட்டுரையிலுள்ள தனிச் சொற்களையே எடுத்து அட்டவணையாக்கிய, பண்டிதர்கள் ஏளனமாகப் பார்த்த முறை 82 அளவில் முன்நின்றது. வித்தியாசம் பெரிதல்ல, பகுத்தவர்களின் பயிற்சியும் கூறுகளை வரிசைப்படுத்திய விதமும் அதற்குக் காரணம் என்று வாதித்தார்கள், அந்த வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் ஜனங்கள் வழங்கும் சொல்லை அலட்சியப்படுத்தலாகாது என்ற பாடம் அதில் இருந்தது. இன்றைய இணையத் தேடல்கள் சொல்லைத் தேடிவிட்டு, அப்புறம் இடம், காலம், வகை என்று கூறுகளால் சலித்துக் கொடுப்பதில் இரண்டு கட்சியும் சமாதானம் செய்துகொண்டதாகவே கொள்ளலாம்.

நம் நிலக் கணக்குகளில் அந்தச் சமாதானம் இன்னும் ஏற்படவில்லை. 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை உத்தியோகத்தை அரசாங்கம் ஒரே உத்தரவில் ஒழித்தது. செய்யவேண்டிய காரியமே, ஆனால் எந்தக் காடு எந்த எண் என்ற வாய்மொழி அட்டவணையும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தை ஒட்டி நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன, உட்பிரிவுகள் பெருகின. பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறி, இன்று சேந்தமங்கலத்துக்காரர் சிங்கப்பூரிலிருந்தே தம் சிட்டாவையும் வில்லங்கத்தையும் பார்க்கிறார். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ இட்டால் விடை கிடைக்கிறது. மேட்டுக்காடு என்று இட்டால் கிடைக்காது. எண்ணை மறந்த கிழவியும், எண்ணே இல்லாத பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை மாத்திரம் கையில் வைத்திருக்கும் பேரனும், கச்சேரி வாசலில் தெரிந்தவர் யாரென்று விசாரித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு மருந்து கடினமானதல்ல. காட்டுப் பெயரைச் சர்வே எண்ணுக்கு எதிரே எழுதிவைக்கும் ஒரு பதிவேடு போதும். வருவாய்த் துறைக்கு அவகாசம் இல்லையென்றால் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கிளை நூலகங்கள் ஊருக்கொன்றாக அதைத் தொடங்கலாம். நூலகருக்கு உதவியாகப் பள்ளிப் பிள்ளைகளும், விஷயம் சொல்ல ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பழைய கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைக் கடிதமோ வைத்திருப்போர், மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பிரதியை மாத்திரம் அந்த நூலகத்துக்குக் கொடுக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்; பெயர்களைச் சொல்லக்கூடிய தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.