தக்காளியில் தொடங்கும் கறுப்புத் தண்ணீர்

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பறிகூலிக்கே கட்டாத பழம் சாலையோரம் கொட்டிக் கிடக்கும். அழுகியதில் ஒரு பங்கு குப்பை வண்டி ஏறும். தக்காளியின் எடையில் 94 சதவீதம் தண்ணீர்தான். குப்பைமேட்டில் சோறு, வாழையிலை, காய்கறித் தோலோடு சேர்ந்து நசுங்கும்போது அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் மேலே விழுந்தால் குப்பைச்சாறு தயார். பொறியாளர்கள் லீச்சேட் என்பது இதைத்தான்.

முதல் சில நாட்களிலேயே குவியலுக்குள் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். அதன்பின் காற்றில்லாமல் வாழும் உயிரிகளின் ஆட்சி. அவை அழுகலை அமிலமாக்க, புளித்த நீர் போகிற வழியில் இரும்பையும் துத்தநாகத்தையும், தூக்கியெறிந்த பேட்டரியின் ஈயத்தையும்கூடக் கரைத்துக்கொள்ளும். நிறம் கறுப்பாகும். புதிய குப்பைச்சாற்றில், நீரின் அழுக்கை அளக்கும் பி.ஓ.டி. லிட்டருக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டுவது உண்டு. ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வைத்த வரம்பு 30. வருடங்கள் போகப் போக அமிலம் குறைந்து மீத்தேன் கிளம்பும். அமோனியா மட்டும் பல பத்தாண்டுகள் விடாது.

இந்த நீர் நேராக அடிக்கு இறங்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பிளாஸ்டிக் பைகளும் இடையிடையே கொட்டிய மண்ணும் தடுக்க, மேட்டின் வயிற்றுக்குள் அங்கங்கே குளம் கட்டி நிற்கிறது. தேங்கிய நீரின் அழுத்தம் ஏறினால் குப்பைக்குக் குப்பை பிடிமானம் போய்விடும். கொழும்பின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மழையில் ஊறிய குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1997 செப்டம்பரில் தோன்யா ஹுவானா கிடங்கு சரிந்து பல லட்சம் டன் குப்பை ஓடிவந்ததற்கு, எடுத்த சாற்றையே திரும்பக் குவியலுக்குள் செலுத்தியது முக்கியக் காரணம்.

அதனால்தான் மேட்டுக்குள்ளேயே கிணறு இறக்குகிறார்கள். இரண்டு மூன்று அடி விட்டத்தில் துளை போட்டு, ஓட்டையிட்ட குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லி நிரப்புவார்கள். சுண்ணாம்புக்கல் ஜல்லி ஆகாது, அமிலத்தில் கரையும். அடியில் தடுப்பு விரிப்பு இருந்தால் அதைக் கிழிக்காமல், சில அடி மேலேயே துளையை நிறுத்த வேண்டும். மீத்தேன் நிறைந்த இடத்தில் மின்பொறி ஆபத்து என்பதால், பல இடங்களில் அழுத்தக் காற்றில் ஓடும் பம்பைத்தான் இறக்குகிறார்கள். வற்றிய போர்வெல்லில் கம்ப்ரசர் போட்டுத் தண்ணீர் எடுத்துப் பழகிய ஊருக்கு இது புரியாத வேலை இல்லை. ஆனால் ஒரு கிணறு தன்னைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துச் சாற்றைத்தான் இழுக்கும். பல கிணறுகள் வேண்டும். குழாய் ஓட்டைகளைச் சுண்ணாம்புப் படிவமும் கறுப்பு இரும்புச் சேறும் அடைக்கும். குப்பை அமுங்கும்போது குழாய் சாயும், சில சமயம் ஒடியும். கிணறு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகத்திடம் இதை ஒப்படைக்கக் கூடாது.

மேலே வந்த சாறு தொட்டிக்குப் போய், காற்றூட்டி, சவ்வு வழியே வடிகட்டிச் சுத்தமாக வேண்டும். வராத சாறு கீழே போகும். சென்னை பெருங்குடியில் பல ஆண்டுகளாகக் கொட்டிய குப்பையின் சாறு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கியது. அங்கே பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க வேண்டிவந்தது. தருமபுரியில் நிலைமை இன்னும் கடினம். இங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. மணலைப் போல வடிகட்ட எதுவும் இல்லை. வெடிப்பில் புகுந்த அழுக்கு எந்தப் போர்வெல்லில் எட்டிப்பார்க்கும் என்று கணிப்பது கஷ்டம். ஏற்கெனவே ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கியது. கைவசம் இருக்கும் நிலத்தடி நீரையும் குப்பைக்குப் பலி கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஈரக் குப்பையை மேட்டுக்கே அனுப்பாமல் உரமாக்குவதுதான் முதல் வழி. பழைய மேடுகளுக்குக் கிணறும் பம்பும் வேண்டும். குப்பைக் கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் சோதிக்க 2016 விதிகள் சொல்லின. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கிணறோ போர்வெல்லோ வைத்திருப்பவர்கள் அந்தச் சோதனை முடிவை உங்கள் நகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ எழுதிக் கேளுங்கள்.