1981-ல் பிறந்த மூணு பேர்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1994-ல் மெட்ராஸ் பசங்களுக்கு நீச்சல்னா ஒரே பேர்தான், குற்றாலீஸ்வரன். பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் எல்லாம் சேர்த்து ஒரே வருஷத்தில் ஆறு இடங்களை நீந்திக் கடந்தான். (இன்னைக்கு 'கடந்தார்'னு எழுதணும், ஆனா அப்போ எங்களுக்கு அவன்தான்!) அதுக்கு முன்னாடி இருந்த சாதனை மிஹிர் சென்னுடையது. 1966-ல் பாக் நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய்னு ஒரே வருஷத்தில் ஐந்து. அதை 28 வருஷம் கழிச்சு முறியடிச்சது பதிமூணு வயசுப் பையன். பிறந்தது 1981.

நானும் 1981. அது போதாதா? அப்பாவை நச்சரிச்சு மெரினா நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். விடியக்காலையில் திருவொற்றியூரில் பஸ் ஏறணும். வீட்டு வாசல்ல இருந்து கல் எறிஞ்சா கடல்ல விழும், ஆனா நீச்சல் பழக மெரினாவுக்குப் போறேன். பக்கத்து வீட்டு மாமா கட்டுமரத்தில் போறவர். அவருக்கு இது பெரிய காமெடி. "இன்னாடா, உப்பில்லாத தண்ணிக்குக் காசு குடுத்துட்டு வரியா?"ம்பார்.

அவர் கேலி பண்ணாலும், எங்க கரையில் குளிக்கக்கூட இறங்க முடியாதுங்கறது அவருக்கும் தெரியும். இதுக்கு ஒரு நூறு வருஷத்துக் கதை இருக்கு. மெட்ராஸில் இயற்கையான துறைமுகம் கிடையாது. 1861-ல் கடலுக்குள்ள ஒரு இரும்புப் பாலம் கட்டினாங்க. 1876-ல் அலைதடுப்புச் சுவர் வேலையை ஆரம்பிச்சாங்க. 1881 புயல் அதைப் போட்டுத் தள்ளிடுச்சு. விடாம திரும்பக் கட்டி 1890-களில் முடிச்சாங்க. இந்தக் கரையோரமா வருஷத்தில் பெரும்பாலான மாசம் மணல் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துட்டே இருக்கும். சுவர் குறுக்க வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தேங்கிப்போச்சு. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வந்து சேர வேண்டிய மணல் வரல. கடல் கரையை அரிக்க ஆரம்பிச்சது. தெருத்தெருவா வீடுகள் போச்சு. அப்புறம் கடலைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டினாங்க. எங்க கரைன்னா இன்னைக்கும் கருங்கல்தான். அதாவது நான் பஸ் ஏறி எங்க மணலைப் பார்க்கத்தான் போயிட்டிருந்தேன் :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

குற்றாலீஸ்வரனுக்கு 1996-ம் வருஷத்துக்கான அர்ஜுனா விருது கிடைச்சது. ஆனா ஒவ்வொரு கால்வாய்க்கும் படகு, பயணம், கண்காணிப்பாளர்னு ஆகிற செலவுக்கு ஸ்பான்சர் கிடைக்கல. படிப்பு பக்கம் திரும்பிட்டார். ஆறு கால்வாய் கடந்தவருக்கே அந்த நிலைமைன்னா, மாவட்டப் போட்டியில் நாலாவதா வர்ற எனக்கு என்ன? 1997-ல் ப்ளஸ் ஒன். அப்பாவோட கம்பெனியில் லாக்அவுட். பஸ் பாஸ் நின்னுச்சு, குளமும் நின்னுச்சு. அப்பா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. நானா நிறுத்திட்டேன். அவர் ஏன்னு கேக்கவும் இல்ல.

2004 டிசம்பர் 26 காலையில் மாடியில் இருந்து கடலைப் பார்த்தவன், அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கால் நனைக்கக்கூட இறங்கல. நீச்சல் தெரிஞ்சவன்னு சொல்லிக்கவே ஒரு மாதிரி இருந்தது. அன்னைக்குப் போனவங்கள்ல என்னைவிட நல்லா நீந்தறவங்க எத்தனையோ பேர்.

இப்போ மூணாவது ஆள். ஆன்டனி எர்வின், அமெரிக்கர், அவரும் 1981. சிட்னி ஒலிம்பிக்ஸ் 2000-ல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை 21.98 செகண்டில் கேரி ஹால் ஜூனியரோட சமமா பகிர்ந்துக்கிட்டார். அப்போ வயசு 19. 2003-ல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டார். கிடார் வாசிச்சார், உடம்பு பூரா பச்சை குத்திக்கிட்டார், கால் போன போக்கில் திரிஞ்சார். சுனாமி வந்தப்போ அந்தத் தங்கப் பதக்கத்தை ஈபேயில் ஏலம் விட்டார். கிடைச்ச சுமார் 17,000 டாலரை யுனிசெஃப் மூலமா சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

எனக்கு இது தெரிஞ்சதே 2016 ஆகஸ்டில்தான். ரியோவில் அதே 50 மீட்டர். 35 வயசில் எர்வின் 21.40, பிரான்ஸின் மனோதூ 21.41. விட்டுட்டுப் போன ஆள் பதினாறு வருஷம் கழிச்சு நூறில் ஒரு செகண்ட் வித்தியாசத்தில் மறுபடியும் தங்கம்! யார் இவர்னு தேடிப் படிச்சப்போ அந்த ஏலக் கதை வந்தது. கொஞ்ச நேரம் மொபைலைக் கீழே வெச்சுட்டேன். நான் தண்ணியைப் பார்த்து ஓடின அதே அலைக்காக, முகம் தெரியாத ஒருத்தர் பதக்கத்தை வித்திருக்கார். அவரை மறுபடி தண்ணிக்குக் கொண்டு வந்தது எதுன்னு நினைக்கிறீங்க? நியூயார்க்கில் பிழைப்புக்காகக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார். அதுங்க தண்ணியில் போடற ஆட்டத்தைப் பார்த்துதான் அவருக்கும் ஆசை திரும்பியிருக்கு. 2012 லண்டனில் ஐந்தாவது, அடுத்தது ரியோ.

அதெல்லாம் ஒலிம்பிக் ஆளுங்க கதை, நமக்கென்னன்னு கேப்பீங்க. நமக்கும் ஒரு கதவு இருக்கு. ரான்சம் ஆர்தர்னு ஒரு அமெரிக்கக் கடற்படை மருத்துவர். போட்டின்னு ஒண்ணு இருந்தாதான் பெரியவங்க உடற்பயிற்சியை விடாம செய்வாங்கன்னு நம்பினவர். அவரும் பயிற்சியாளர் ஜான் ஸ்பானத்தும் முயற்சி எடுத்து, 1970-ல் டெக்சாஸ் அமரில்லோவில் முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. உலக மாஸ்டர்ஸ் 1986-ல் டோக்கியோவில். 25 வயசு ஆனா போதும், அதுக்கு மேல ஐந்தைந்து வருஷமா பிரிச்சிருப்பாங்க. ரிலேயில் நாலு பேர் வயசையும் கூட்டித்தான் பிரிவு! ஜப்பானில் மியெகோ நாகாவோகா பாட்டி 2015-ல் நூறு வயசில் 1500 மீட்டரை நீந்தி முடிச்சாங்க. நம்ம ஊரிலும் மாநில, தேசிய மாஸ்டர்ஸ் நடக்குது.

நாற்பத்து மூணு வயசில் நானும் பேர் கொடுத்தேன், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 40-44 பிரிவு. பயிற்சிக்குப் பழையபடி பஸ்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் நீந்தலாமேன்னு ஒரு நண்பர் சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அங்க வலை, படகு எல்லாத்தையும் கறுப்பாக்கினதைப் பார்த்தவன் நான். கும்பிடு போட்டுட்டேன்.

போட்டி அன்னைக்கு மேடையில் ஏறினதும் முட்டி தடதடன்னுச்சு. விசில். குதிச்சேன், கண்ணாடி கழுத்துக்கு வந்துடுச்சு. முதல் இருபது மீட்டர் பதினாறு வயசுப் பையன் நீந்தினான், மிச்சத்தை நான் நீந்தினேன். 41 செகண்ட். ப்ளஸ் ஒன்ல 30-க்குள்ள வந்துட்டிருந்தேன்.

ராத்திரி தெரு முனையில் மாமா உக்காந்திருந்தார். எண்பதைத் தொடப்போறார், கடலுக்குப் போறதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு.

"இன்னாடா, ஜெயிச்சியா?"

"அஞ்சாவது வந்தேன் மாமா."

"மொத்தம் எத்தினி பேரு?"

"ஆறு."

கொஞ்ச நேரம் கல்லு பக்கமே பார்த்துட்டு இருந்தார். "அந்த ஆறாவது ஆளு பத்திரமா கரையேறிட்டானா?"ன்னார்.