நண்டின் நரம்பும் ஒரு நொதியமும்



கற்பிட்டிக் கரையில் வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுத்துப் பழகியவர் எவரும் அதன் இடுக்கியின் வலிமையை அறிவர். அவ்விடுக்கி இறுகுவதற்கு ஒரு நரம்பு உண்டென்றால் யாவரும் ஒப்புவர். அதே தசையை அடக்குவதற்கென வேறொரு நரம்பும் அங்கே சென்று சேர்கிறது என்பதைப் பலர் அறியார். நமது உடலிலோ இவ்வடக்கம் மூளையிலும் முண்ணாணிலும் நிகழ்வது. ஆகவேதான் அடக்கும் நரம்பைத் தனியே பிரித்து ஆராய விரும்பியோர் நண்டு, இறால் இனங்களை நாடினர்.

யான் கலைப்பட்டதாரி, இரசாயனச் சூத்திரம் என் துறையன்று. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இவ்வறிவு வந்த வழியையே சொல்லத் துணிகின்றேன்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயி நகரில் யூஜின் றொபேட்சு, சாம் பிராங்கெல் என்னும் இருவர் எலியின் மூளையில் ஓர் அமினோவமிலம் மிகுந்திருக்கக் கண்டனர். ஹூஸ்டன் நகரில் அவபாரா என்பவரும் அவ்வாண்டே அதனைக் கண்டார். தாவரங்களில் முன்பே அறியப்பட்டிருந்த அப்பொருளைச் சுருக்கமாகக் காபா என்பர். குளுட்டாமிக்கமிலத்திலிருந்து ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றை வெட்டியெடுத்து அதனை ஆக்குவது குளுட்டமேற்று டிகாபொட்சிலேசு என்னும் நொதியம். ஒரே வெட்டுத்தான், நரம்பைத் தூண்டும் பொருள் அடக்கும் பொருளாகிவிடுகிறது!

ஆனால் காபா மூளையில் என்ன செய்கிறது என்பது உடனே துலங்கவில்லை. மாட்டு மூளையின் சாறு நன்னீர்ச் சிங்க இறாலின் நரம்பை அடக்குவதை எர்ண்ஸ்ட் புளோரி கண்டிருந்தார். 1957இல் அவரும் மொன்றியலில் அவருடன் உழைத்தோரும் அச்சாற்றிலிருந்த பொருள் காபாவே என்று காட்டினர். பின்னர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் கிராவிற்சு, குப்ளர் முதலியோர் கடற் சிங்க இறாலின் நரம்பிழைகளை ஒவ்வொன்றாக உரித்துச் சோதித்தனர். எத்துணைப் பொறுமை! தூண்டும் இழையிற் காபா அரிது. அடக்கும் இழையிலோ அது செறிந்திருந்தது. நொதியத்தின் ஊக்கத்திலும் அவ்வேறுபாடே தெரிந்தது. காபா போதிய அளவு சேர்ந்ததும் அதுவே நொதியத்தின் வேகத்தைத் தணித்துவிடும் என்பதும் அவ்வுயிரிலேயே அறியப்பட்டது.

இவ்வாராய்ச்சி வெறும் வேடிக்கையன்று. இந்நொதியம் தொழிற்பட விற்றமின் பி6 துணை நிற்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புட்டிப்பால் அருந்திய குழந்தைகள் சிலருக்கு வலிப்புக் கண்டது. பாலைப் பதப்படுத்திய வெப்பத்தில் அவ்விற்றமின் அழிந்திருந்தது. அதனைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது. ஊட்டிய அன்னையர் யாது பிழை செய்தனர்? காசநோய் மருந்தாகிய ஐசோனியசிட்டு அளவு மீறினாலும் இத்துணை குன்றி வலிப்பு வரும். அதற்கும் பி6 தான் மாற்று.

நமது மூளையில் இந்நொதியம் இரு வடிவங்களில் உள்ளது. ஒன்று பெரும்பாலும் பி6 துணையோடு சேர்ந்தே இருந்து ஓயாது உழைப்பது. மற்றொன்றிற் பெரும்பகுதி துணையின்றிக் காத்திருந்து, காபா அதிகம் வேண்டப்படும் வேளையிலே துணையைப் பற்றிக்கொண்டு எழுவது.