அலரியும் நந்தியாவட்டமும்

சிவபெருமான் திருவடியிலே நாண்மலர் இட்டு வழிபடுதல் சைவர்க்கு நித்தியக் கடன்களுள் ஒன்று. அங்ஙனம் இடுதற்குரிய மலர்களுள் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்னும் எட்டினையும் அட்டபுட்பம் எனச் சிறப்பித்தல் நம் மரபு. இவற்றுள் தாமரையும் நீலோற்பலமும் நீர்நிலையை வேண்டுவன. புன்னையும் சண்பகமும் பாதிரியும் மரமாய் ஓங்கி இடத்தை அடைத்துக்கொள்வன. எருக்கு நடுவாரின்றித் தானே முளைப்பது. எஞ்சிய அலரியும் நந்தியாவட்டமுமே சிறு நந்தவனத்திலும் இல்லத்து முற்றத்திலும் நட்டு வளர்த்தற்கு எளியவாகிய செடிகளாம். ஆதலின் அவ்விரண்டின் வரலாற்றையும் இயல்பையும் ஒப்புநோக்கி ஆராய்வது அன்பர்கட்குப் பயன் தருவதாகும்.

இவ்வாராய்ச்சிக்கு உடையார்பாளையம் பொருத்தமான இடம். அங்குள்ள சிவாலயத்தில் பயறணீசுவரப் பெருமானுடன் எழுந்தருளியிருக்கும் அம்பிகைக்கு நறுமலர்ப்பூங்குழல் நாயகி என்பது திருநாமம். அம்மையின் திருநாமத்திலேயே மலர் மணக்கின்றது. அவ்வூரைச் சூழ்ந்த நிலமோ முந்திரி செழிக்கும் செம்மண் நிலம்; மழையை எதிர்நோக்கி நிற்பது. அத்தகைய நிலத்தில் எச்செடியை எங்கே நடுவது என்பது நந்தவனம் வைப்பார் ஒவ்வொருவரும் ஆராய வேண்டிய வினாவாம்.

முதற்கண் நூல் வழக்கைக் காண்போம். அலரிக்குக் கணவீரம், கரவீரம் என்பன பிற பெயர்கள். பதினோராந் திருமுறையுள் வைத்து ஓதப்பெறும் திருமுருகாற்றுப்படையில், முருகவேளை வழிபடும் குறமகள் களத்தை அணிசெய்யும் மாலையாகக் கணவீரம் கூறப்படுகின்றது. அதே மலரை மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, பித்துக் கொண்டு திரிவான் ஒருவன் தோளிலே காட்டுகின்றது. வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகத்திலோ கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் சாருதத்தன் கழுத்திலே அது மாலையாய்க் கிடக்கின்றது. தெய்வத்துக்கும் உரியது, சாவை எதிர்நோக்குவானுக்கும் உரியது என இருநிலையும் ஒரு மலர்க்கே வாய்த்தமை ஈண்டுக் கருதத்தக்கது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடியருளிய திருக்கரவீரம் என்னும் தலம் இச்செடியின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. செவ்வலரியே அங்குத் தலவிருட்சம்.

நந்தியாவட்டத்தைக் கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்த மலர்வரிசையுள் நந்தி என்னும் பெயரால் குறித்தனர். அதனை நந்தியாவட்டப்பூ என விளக்கினர் நச்சினார்க்கினியர். இவ்வுரையோடு பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டிலும், மணிமேகலையை 1898-ஆம் ஆண்டிலும் பதிப்பித்து உதவியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாய் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர் என்பதும் அவ்வூர்க்கு ஒரு பெருமையே.

சித்தாந்த நூலார் ஒரு பொருளை ஆராயுங்கால் அதன் பொதுவியல்பையும் உண்மையியல்பையும் வேறுபிரித்துக் காண்பர். அம்முறையே ஈண்டும் கொள்வோம். இரண்டும் ஆண்டு முழுதும் பசுமை மாறாதன. இலையைக் கிள்ளினால் பால் வடிவன. ஒற்றைப்பூ ஐந்து இதழாய்க் காற்றாடிபோல் ஒருபுறம் சாய்ந்து மலர்வன. அடுக்குப்பூ வகையும் உடையன. கிளையை வெட்டி நட்டாலே வேர்விடுவன. இவை பொதுவியல்பு. இப்பொதுமை கண்டே சுவீடன் தேசத்துத் தாவரநூற் புலவர் இலின்னேயசு 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இரண்டையும் நேரியம் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். 1819-ஆம் ஆண்டிலேயே நந்தியாவட்டம் வேறு பேரினமாகப் பிரிக்கப்பட்டது. இன்றும் இரண்டும் ஒரு குடும்பத்துள்ளேயே எண்ணப்படுகின்றன. ஆயின் அதற்கு முன்னரே, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு பகுதிகளாக வெளிவந்த மலையாள நாட்டுத் தாவர நூலில், கொச்சியை ஆண்ட ஒல்லாந்தத் தளபதி வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணைகொண்டு, அரளியையும் நந்தியாவட்டத்தையும் அவ்வந்நாட்டுப் பெயராலேயே வெவ்வேறாகக் குறித்துவைத்தார். பெயரால் வேறுபடுத்தி வழங்கிய நம் நாட்டார் அவற்றின் குணவேறுபாட்டை அறிந்திருந்தனர் என்க.

அவ்வேறுபாடு யாதெனின், அலரி நஞ்சு. நந்தியாவட்டம் அத்தகைய கடுநஞ்சன்று என்பதே. அலரியின் இலை, பூ, விதை, பட்டை, வேர் எல்லாம் நஞ்சாம். அந்நஞ்சு நெஞ்சத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பது. உலர்ந்தாலும் கொதித்தாலும் நீங்காதது. அமரகோசம் இதனைக் குதிரையைக் கொல்வது என்னும் பொருள்பட அயமாரகம் என்று வழங்கிற்று. ஆயுர்வேத நூலார் இதனை உபவிடங்களுள் ஒன்றாக எண்ணினர். தோல்நோய்க்கு எண்ணெயிற் காய்ச்சிப் புறப்பூச்சாக வைத்தியர் இதனைப் பயன்படுத்தியதுண்டு. அதுவும் கற்றறிந்த வைத்தியர் கையிலன்றி ஆகாது. ஆடுமாடு மேயாமையாலும், வெயிலையும் வறட்சியையும் தாங்குதலாலும் நெடுஞ்சாலைகளின் நடுவரம்பில் இன்று இதனை வரிசையாக நடுகின்றனர்.

நந்தியாவட்டமோ வெண்மையன்றி வேறு நிறம் அறியாதது. இரவில் மணம் மிகுவது. ஓரளவு நிழலிலும் பூப்பது. ஆனால் நீர் விடுவாரை எதிர்பார்ப்பது. ஆவர்த்தம் என்பது சுழல் என்னும் பொருட்டு. இதழ் சுழன்றிருத்தல் பற்றியே வடநூலார் நந்தியாவர்த்தம் என்றனர் போலும். கண்ணெரிவு தணியப் பூவை மூடிய இமைமேல் வைத்துக் கட்டுதலும், பல்வலிக்கு வேரை மெல்லுதலும் நாட்டு வழக்கம். எனினும் இதன் பாலும் கண்ணுள் படலாகாது. வேரிலும் வீரியமுள்ள பொருள்கள் உள. ஆதலின் மருத்துவர் சொல்லின்றி உட்கொள்ளலும் தகாது.

அற்றேல், நஞ்சாகிய அலரியை அட்டபுட்பத்துள் வைத்தது எவ்வாறு பொருந்தும் எனின், கூறுதும். ஆலகாலத்தைத் திருமிடற்றில் அடக்கிய பெருமானுக்கு ஆகாத மலர் இதுவென நஞ்சு பற்றி விலக்குதல் பொருந்தாது. மலர் இடுதற்கு உரியது, உண்டற்கு உரியதன்று. நிவேதனம் வேறு, அருச்சனை வேறு. சாத்திக் களைந்த மாலை சிவநிர்மாலியமாய்ச் சண்டேசுவர நாயனார்க்கே உரியதாகும்; அதனை அடியார் உணவொடு கலத்தல் மரபன்று. இவ்வுண்மையைக் கல்லிலே கண்டு தெளிய வேண்டுவோர், உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முதலாம் இராசேந்திரசோழன் 1025-ஆம் ஆண்டையொட்டி எடுப்பித்த கங்கைகொண்ட சோழேச்சரத்துக்குச் செல்வாராக. வடக்கு வாயிலருகே பெருமான் உமையம்மையோடு வீற்றிருந்து, தம் திருக்கரத்தாலேயே சண்டேசர் முடியில் மலர்மாலையைச் சுற்றி அருளும் திருவுருவம் விளங்குகின்றது.

இவ்வரம்பு மறக்கப்பட்ட இடத்தே இடர் நேர்கின்றது. கேரள நாட்டில் 2024-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அரளியிலையை அறியாது மென்றதனாலென ஐயுறப்பட்ட ஒரு மரணம் நிகழ, அடுத்த மே திங்களில் திருவிதாங்கூர், மலபார் தேவசுவம் வாரியங்கள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்த்தலை விலக்கின. பூசையிற் சாத்துதலை அவை முற்றும் தடுத்தில. இது பழமைக்கு மாறு என வருந்துவாரும் உளர். நம் சைவ மரபை நோக்குங்கால் இது புதிய விதியன்று; இடுதற்குரியதையும் உண்டற்குரியதையும் பிரித்த பழைய விதியை நினைவூட்டுவதே என்பது எம் துணிபு.

இனி நடுமுறை. அலரியை நந்தவனத்தின் புறவேலியோரத்தில் வெயில் படும் இடத்தில் வைக்க. பசு கட்டும் இடத்துக்கும் கிணற்றுக்கும் சிறுவர் விளையாடும் இடத்துக்கும் சேய்மையில் வைக்க. கழித்த கிளைகளை அடுப்பெரித்தலும் ஆகாது. அதன் புகையும் தீது. பூக்கொய்தபின் கைகளைக் கழுவுக. எவரேனும் தவறி உட்கொள்ளின் வீட்டு மருந்து தேடிக் காலங் கழியாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நந்தியாவட்டத்தைக் கிணற்றடியிலும் திருமஞ்சனநீர் ஓடும் வாய்க்காலோரத்திலும் நடுக. குழந்தைகளும் பசுக்களும் உலாவும் முற்றத்தில் ஒன்றே வைக்க இடமிருப்பின் நந்தியாவட்டமே வைக்கத்தகும்.

மற்றொன்றும் அறிதற்பாலது. மஞ்சள் நிறத்துப் பொன்னலரி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. ஆதலின் திருமுருகாற்றுப்படையிற் கூறிய கணவீரம் அதுவன்று. அன்பினால் இடும் மலர் என்னும் நிலையில் அதனை இகழ்தல் வேண்டா. ஆயினும் பெயரொப்புமை கொண்டு ஒன்றன் மருந்துவிதியை மற்றொன்றற்கு ஏற்றுதல் கூடாது. அதன் விதையும் கொடிய நஞ்சே.

மலரைப் பறிப்பவன் திருவடியை நினைப்பது போலவே அம்மலரின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அறிவொடு கூடிய அன்பே தொண்டாம். திருப்புகலூரில் முருக நாயனார் ஆற்றிய பூந்தொண்டை நினைந்து, அன்பர்கள் ஊர்தோறும் நந்தவனம் பேணி, எவ்வுயிர்க்கும் இடரின்றி அம்மையப்பரை அருச்சித்து உய்வாராக.

திருச்சிற்றம்பலம்.