அரப்பு தேய்த்த தலையும் உப்பேறிய தண்ணியும்



திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கூலி, ஷிப்டு, வீட்டு வாடகை என்று போகிற பேச்சு, கடைசியிலே "சீப்பு வச்சாக் கொத்துக் கொத்தா வருதுங்க, என்ன தேய்க்கிறது?" என்று வந்து நிற்கும். இந்தக் கேள்விக்கு நம்ம காட்டிலேயே ஒரு பழைய பதில் இருந்தது. அது எங்கே போச்சு, அதிலே எவ்வளவு இன்றைக்கும் செல்லும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நொய்யல் கரையிலிருந்து பல்லடம், தாராபுரம் வரைக்கும் பெரும்பாலும் மானாவாரி மேட்டாங்காடு. சோளம், கம்பு, பருத்தி, கடலை விளைந்த பூமி. வேலியோரத்திலே ஊஞ்ச மரம் நிற்கும். அதன் இலைதான் அரப்பு. கடலைக்காட்டு ஓரத்திலே கொட்டமுத்துச் செடி, அதாவது ஆமணக்கு. கிணற்று வாய்க்கால் ஈரத்திலே கரிசலாங்கண்ணி. தலைக்கு வேண்டியது மூன்றும் காட்டுக்குள்ளேயே முடிந்துபோச்சு.

எங்க அம்மிச்சி ஊஞ்ச இலையை நிழலிலே காய வைத்து, உரலிலே இடித்துச் சலித்து, மண்சட்டியிலே போட்டு வைப்பார். வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து தலையிலே வைத்து, சோறு வடித்த கஞ்சியிலே அரப்பைக் கரைத்துத் தேய்த்துவிடுவார். கண்ணிலே பட்டால் அந்த எரிச்சல் சாமானியத்திலே போகாது. அழுதால் முதுகிலே ஒரு அடியும் உண்டு!

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரப்பிலும் சிகைக்காயிலும் சப்போனின் என்கிற நுரைப்பொருள் இருக்கிறது. சோப்பு உப்புத் தண்ணியிலே நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு முடியிலே ஒட்டிக்கொள்ளும். தண்ணியிலே இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சப்போனின் அப்படித் திரளாது. கிணற்றுத் தண்ணி கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் அரப்பு வேலை செய்தது இதனால்தான்.

பிறகு சோப்பு வந்தது. 1888-லே கல்கத்தாத் துறைமுகத்திலே சன்லைட் சோப்பு வந்து இறங்கியது. ஷாம்பு என்கிற சொல்லே நம்ம நாட்டுச் சொல்தான். அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கிற இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவிலே பிறந்த தீன் முகமது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்திலே குளியல் இல்லம் நடத்தி, அங்கே அதைப் பெயராக்கினார். அந்தச் சொல் பாட்டிலிலே ஏறித் திரும்பி வந்தது. 1983-லே கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பைத் தொடங்கினார். அது சின்னப் பாக்கெட்டாகக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் தொங்கியது. அதே கம்பெனி பின்னாலே சிகைக்காய்த் தூளையும் பாக்கெட்டிலே போட்டு விற்றது. நான் குறை சொல்லவில்லை. விடியக்காலம் கம்பெனி வண்டி பிடிக்கிற பெண் இலையைக் காயப்போட்டு இடிக்க முடியுமா?

ஆனால் இங்கே இன்னொன்றும் நடந்தது. 1920-களிலே தொடங்கிய பனியன் தொழில், 1980-களுக்குப் பிறகு ஏற்றுமதியாலே பெருத்தது. பருத்தித் துணியிலே சாயம் பிடிக்க உப்பை அள்ளிப் போட வேண்டும். அந்த உப்பெல்லாம் கழிவோடு நொய்யலிலே இறங்கியது. 1992-லே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலே சாயத்தண்ணி தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே போராடும்படி ஆச்சு. கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-லே சொன்னது. அது நிறைவேறாததாலே 2011 ஜனவரியிலே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பு வசதி வந்த பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. ஆக, தண்ணி உப்பேறிய அதே காலத்திலே, உப்புத் தண்ணிக்குத் தோதான அரப்பை நாம் கைவிட்டோம்.

உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும், பாதியிலே ஒடிக்கும். இந்த ஒடிசலுக்கு எண்ணெயும் அரப்பும் நல்ல கைவைத்தியம். வேரோடு கொட்டுகிற முடி வேறு சங்கதி. கீழே விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள். நுனியிலே வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. நாளைக்கு 50 முதல் 100 முடி வரைக்கும் இப்படி விழுவது இயற்கை. பிரசவம், டைபாய்டு, டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்திலே கொத்தாகக் கொட்டும், பிறகு பெரும்பாலும் தானே முளைக்கும். அந்த நேரத்திலே தேய்த்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும்!

புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம்ம பக்கத்து வழக்கம். 2002-லே ஈராக் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றை 23 பேருக்குத் தடவிப் பார்த்தார்கள். ஆறு வாரத்திலே 20 பேருக்கு முடி முளைத்தது. சின்ன ஆய்வுதான், புழுவெட்டு தானாகவும் ஆறும். என்றாலும் பொங்கலூர் வெங்காயத்துக்கு மரியாதை செய்யலாம்.

இளம் பெண்களுக்கு மாதக்கணக்கிலே கொட்டினால் நான் முதலிலே சந்தேகப்படுவது ரத்தசோகையைத்தான். தமிழ்நாட்டுப் பெண்களிலே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அம்மிச்சி காலத்துத் தலைக்கு அரப்பு மட்டுமா கிடைத்தது? வயிற்றுக்குக் கம்பஞ்சோறும் கிடைத்தது. கம்பிலே இரும்புச்சத்து தீட்டின அரிசியைவிடப் பல மடங்கு. காலையிலே டீயும் பன்னும் தின்றுவிட்டு மிஷினிலே உட்காருகிற பெண்ணுக்கு, தலையிலே எதைத் தேய்த்தும் அந்தக் குறை தீராது. ஆரம்ப சுகாதார நிலையத்திலே ரத்தம் பார்த்துச் சத்து மாத்திரை வாங்குங்கள். கம்போ ராகியோ, கூட ஒரு நெல்லிக்காயும் சேருங்கள்.

அரப்பு வேண்டுமென்பவர்கள் வேலியோரத்திலே ஒரு ஊஞ்ச மரம் வையுங்கள், வறட்சி தாங்கும், வெட்ட வெட்டத் தழையும். கரிசலாங்கண்ணியிலே வெள்ளைப்பூப் பூக்கிற செடியைப் பறித்துச் சாறெடுத்து, தேங்காயெண்ணெயிலே சிறுதீயிலே காய்ச்சி, ஈரம் வற்றியதும் வடிகட்டி வையுங்கள். ஆனால் சாயத்தண்ணி ஓடின ஓடைப்பக்கம் எவ்வளவு செழிப்பாக முளைத்திருந்தாலும் அதிலே கை வைக்காதீர்கள்.