11 என்ற எண்ணும் ஷெல் செய்த குறும்பும்

லினக்ஸில் ஒரு சி ப்ரோக்ராம் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று சொல்லிவிட்டு விழுந்ததும், பாஷ் ஷெல்லில் அதன் முடிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 139 என்று வரும். 128ஐக் கழித்தால் 11. எந்த வரியில் விழுந்தது என்று கேட்டால் பதிலே கிடையாது. இந்த 11 எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் பழைய யூனிக்ஸ் கையேடுகளுக்குள் நுழைந்தேன்.

இந்த சிக்னல் எண்களில் பல, 1970களின் பிடிபி-11 கணினி விட்டுப்போன மிச்சம். 6ஆம் சிக்னலின் பழைய பெயர் ஐஓடி. அது பிடிபி-11ல் இருந்த ஒரு கட்டளையின் பெயர். கட்டளை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. எண் மட்டும் இன்றும் அபார்ட்டுக்கு உழைக்கிறது. 'கோர்' ஃபைலும் அப்படித்தான், காந்த வளையங்கள் நினைவகமாக இருந்த காலத்துப் பேர்.

சிக்னல் ஹேண்ட்லர் என்பது, ப்ரோக்ராம் விழும் நேரத்தில் கெர்னல் கூப்பிடுவதற்காக நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஃபங்ஷன். இதை வைத்து ஸ்டீவ் போர்ன் ஒரு வேலை செய்தார் பாருங்கள்! 1979ல் ஏழாம் யூனிக்ஸோடு வந்த அவருடைய ஷெல், நினைவகம் போதுமா என்று பல இடங்களில் சோதிக்கவே சோதிக்காது. பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். எல்லை தாண்டினால் 11 வரும்; ஹேண்ட்லர் அதைப் பிடித்து, கெர்னலிடம் இன்னும் கொஞ்சம் இடம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். விழுந்த அதே கட்டளை மறுபடி ஓடும், இந்த முறை இடம் இருக்கும்.

பிடிபி-11ல் சரி. மோட்டோரோலா 68000 சிப்புக்குக் கொண்டுபோனபோதுதான் சிக்கல். பாதியில் நின்ற கட்டளையை மறுபடி ஓட்டத் தேவையான விவரத்தை அந்தச் சிப் முழுசாகச் சேமிக்காது. 1982ல் வந்த 68010தான் அதைச் சரிசெய்தது. ஷெல்லின் குறும்பை நான் ரசிக்கிறேன், ஆனால் என் ப்ரோக்ராமில் அனுமதிக்க மாட்டேன்.

ஏனென்றால் "திரும்பினால் அதே கட்டளை மறுபடி ஓடும்" என்பது இன்றைக்கும் உண்மை. இடம் எதுவும் வாங்காமல், ஒரு செய்தியை மட்டும் அச்சிட்டுவிட்டு ஹேண்ட்லர் திரும்பினால் என்ன ஆகும்? மறுபடி விழும், மறுபடி ஹேண்ட்லர், மறுபடி செய்தி. ஏழாம் யூனிக்ஸில் ஒருமுறை சிக்னல் வந்ததும் ஹேண்ட்லர் கழன்றுவிடும், அதனால் இரண்டாம் முறை செத்துவிடும். 1983ல் 4.2பிஎஸ்டி அதை நிலையாக ஒட்டவைத்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் இந்த முடிவில்லாச் சுற்றும் கூடவே வந்தது. ஹேண்ட்லருக்குத் தனி ஸ்டாக் தரும் வசதியும் அதே 4.2பிஎஸ்டியில்தான் வந்தது. தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டாக்கைத் தீர்த்துவிட்ட ப்ரோக்ராமுக்கு, ஹேண்ட்லர் ஓடக்கூட இடம் இருக்காதே!

அப்புறம் போசிக்ஸின் சிக்ஆக்ஷன். அதில் எஸ்ஏ-சிக்இன்ஃபோ கொடியைப் போட்டால் இரண்டு முகவரிகள் கிடைக்கும், இவற்றைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்ஐ-ஆட்ர் என்பது ப்ரோக்ராம் தொடப்போன இடம். அப்போது ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி, ஹேண்ட்லரின் மூன்றாவது ஆர்க்யுமென்ட்டுக்குள் இருக்கிறது. அதைத்தான் ஆட்ர்-டு-லைனிடம் கொடுத்து வரி எண் கேட்க வேண்டும். முதலாவது 0, 8, 16 மாதிரிச் சின்ன எண்ணாக வந்தால், பெரும்பாலும் நல் பாயின்டர் வழியாக ஸ்ட்ரக்சரின் ஒரு உறுப்பைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கிளிப்சி 2.1ல் பேக்டிரேஸ் வந்தபிறகு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசையே கிடைத்தது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. மாலாக் பூட்டுப் போட்டிருக்கும்போது ப்ரோக்ராம் விழுந்து, ஹேண்ட்லரும் மாலாக்கைக் கூப்பிட்டால், சாகவும் சாகாது, நகரவும் நகராது. பேக்டிரேஸ்-சிம்பல்ஸ் மாலாக்கைக் கூப்பிடும். பெயரில் கடைசியாக 'எஃப்டி' உள்ள அதன் தம்பி கூப்பிடாது. பேக்டிரேஸை முதன்முறை கூப்பிடும்போது அது ஒரு லைப்ரரியை ஏற்றக்கூடும், அங்கேயும் மாலாக் வரலாம். அதனால் மெயின் தொடங்கியதுமே ஒருமுறை சும்மா கூப்பிட்டுவிடுவது நல்லது. பிரிண்ட்எஃப் பக்கமே போக வேண்டாம், ரைட் போதும்.

விழுந்த ப்ரோக்ராம் தன் மரண வாக்குமூலத்தைத் தானே எழுதுவதை எவ்வளவு நம்பலாம்? இதே வேலைக்காக கிளிப்சியோடு வந்துகொண்டிருந்த லிப்செக்ஃபால்ட், 2022ல் 2.35 பதிப்போடு நீக்கப்பட்டது. நான் இன்னும் ஹேண்ட்லர் எழுதுகிறேன். முகவரியை எழுதியதும் 11க்குப் பழைய இயல்பு நடத்தையைத் திருப்பி வைத்து, அதே சிக்னலை மறுபடி எழுப்புகிறேன். கோர் ஃபைல் அனுமதிக்கப்பட்டிருந்தால் அதுவும் கைக்கு வரும், முடிவு எண்ணும் 139 ஆகவே இருக்கும்.